ஏரிதானேன்னு நினைக்காதீங்க!

'ஏரி'ன்னு சொன்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? பெடல் போட், சுட்ட சோளம், குதிரை சவாரி... அப்படித்தானே?

இந்த ஏரியைப் பாருங்க. பரப்பளவு சுமார் 82 ஆயிரம் சதுர கிலோமீட்டர். அதிகபட்ச ஆழம் 400 மீட்டருக்கும் மேல். நடுவில் நின்றால் கரையே தெரியாது. அமெரிக்காவும் கனடாவும் பங்கு போட்டிருக்கும் சுப்பீரியர் ஏரிதான் அது. ஆயிரம் அடி நீளக் கப்பல்கள்கூட அங்கே இரும்புத் தாது ஏற்றிக்கொண்டு போகும்.

1975 நவம்பர் 10 அன்று அந்த ஏரி விழுங்கிய கப்பல், 'எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட்'. நீளம் 729 அடி. 1958-ல் தண்ணீரில் இறக்கியபோது, வட அமெரிக்காவின் ஐந்து பெரிய ஏரிகளிலும் இதுதான் பெரிய கப்பல்!

'சமாளிச்சுக்கிட்டு இருக்கோம்!'

நவம்பர் 9 மதியம், விஸ்கான்சின் மாநிலத்திலிருந்து கிளம்பியது. உள்ளே கோலிக்குண்டு சைஸ் இரும்புத் தாது உருண்டைகள், சுமார் 26 ஆயிரம் டன். மறுநாள் செம புயல். மதியம் மூன்றரை மணிவாக்கில் கேப்டன் மெக்சோர்லி, பின்னால் வந்த 'ஆர்தர் எம். ஆண்டர்சன்' கப்பலை ரேடியோவில் கூப்பிட்டார். மேல்தளத்துக் கைப்பிடி வேலி சாய்ந்துவிட்டது, காற்றுக் குழாய்கள் இரண்டு போய்விட்டன, கப்பல் ஒரு பக்கமாகச் சாய்கிறது என்றார். அடுத்து ரேடார்களும் அவுட்!

இரவு சுமார் 7.10. 'நிலைமை எப்படி?' என்று ஆண்டர்சன் கேட்க, 'சமாளிச்சுக்கிட்டு இருக்கோம்' என்று பதில் வந்தது. சில நிமிஷங்களில் ரேடார் திரையில் அந்தப் புள்ளியைக் காணோம். ஆபத்து என்று ஒரு குரல்கூட வரவில்லை. இருந்த 29 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. ஆண்டர்சன் அதே புயலுக்குள் திரும்பிப் போய்த் தேடியது. பலன் இல்லை.

யார் மேல தப்பு?

சரக்கு அறை மூடிகள் வழியாகத் தண்ணீர் புகுந்தது என்றது கடலோரக் காவல்படை. இல்லை, அடியில் பாறைத் திட்டு தட்டியது என்றது கப்பல் முதலாளிகள் சங்கம். பஞ்சாயத்து இன்னும் முடியவில்லை. ஆனால், மூணு விஷயத்தில் சண்டையே கிடையாது.

ஒண்ணு, சரக்கு அறைகளுக்கு நடுவே இருந்த தடுப்புகள் தண்ணீர் புகாதவை அல்ல. ஓர் அறையில் புகுந்தால் எல்லாவற்றுக்கும் பரவும்.

ரெண்டு, ஆழம் காட்டும் எலெக்ட்ரானிக் கருவி கப்பலில் இல்லை.

மூணுதான் மேட்டரே! தண்ணீர் மட்டத்துக்கும் மேல்தளத்துக்கும் நடுவே விட வேண்டிய உயரத்துக்கு 'ஃப்ரீபோர்டு'ன்னு பேர். 1969, 1971, 1973-ன்னு மூணு தவணையில் விதியைத் தளர்த்தினார்கள். முதலில் அனுமதித்ததைவிட மூணு அடிக்கும் மேல் கூடுதலாகக் கப்பல் அமிழலாம் என்று ஆனது. கூடுதல் சரக்கு, கூடுதல் லாபம்!

விபத்துக்குப் பிறகு விதி இறுகியது. ஆழமானி கட்டாயமானது. குளிர்நீரில் உயிர் காக்கும் உடைகள் வந்தன. அதற்கப்புறம் அந்த ஏரிகளில் இவ்வளவு பெரிய சரக்குக் கப்பல் எதுவும் மூழ்கவில்லை. 1995-ல் கப்பலின் மணியை மேலே எடுத்துவிட்டு, 29 பேர் பெயரும் பொறித்த வேறொரு மணியைக் கீழே வைத்தார்கள்.

'ஃபேக்டர் ஆஃப் சேஃப்டி' நமக்கு எக்ஸாமில் ரெண்டு மார்க் கேள்வி. நாளைக்கு வேலைக்குப் போன இடத்தில், 'கொஞ்சம்தானே, குறைச்சுக்கலாம்'னு யாராவது சொன்னா, எத்தனாவது தவணைன்னு கேளுங்க மக்களே!