ஹெப்பகோடி வண்டிக்கடையில் ரொக்கம் ஏன் வேண்டும்?

ஓசூர் ரோட்டில், ஹெப்பகோடி பக்கம், ஷிஃப்ட் முடியும் நேரத்தில் கொஞ்சம் நின்று பாருங்கள். பொம்மசந்திரா பேக்டரிகளிலிருந்து வரும் கூட்டம் தள்ளுவண்டியில் கால் கிலோ தக்காளி வாங்கிக்கொண்டு போனை நீட்டுகிறது. பத்து ரூபாய்க் கொத்தமல்லிக்கும் ஸ்கேன்தான். வண்டிக்காரர் தராசுக்குப் பக்கத்தில் வைத்திருக்கும் சில்லறை டப்பா பாதி காலியாகவே கிடக்கிறது.

2025 ஜூலையில் இது தலைகீழானது. பெங்களூரின் சிறு கடைகளில் கியூஆர் ஸ்டிக்கரைக் கிழித்துவிட்டு, 'யூபிஐ இல்லை, கேஷ் மட்டும்' என்று அட்டை மாட்டினார்கள். கர்நாடக வணிக வரித் துறை 2021-22 முதலான யூபிஐ வரவுகளைக் கணக்கெடுத்து, ஆயிரக்கணக்கான சிறு வியாபாரிகளுக்கு ஜிஎஸ்டி நோட்டீஸ் அனுப்பியிருந்தது. ஹாவேரியில் ஒரு காய்கறி வியாபாரிக்கு 29 லட்ச ரூபாய் கேட்டு நோட்டீஸ் வந்தது. பச்சைக் காய்கறிக்கு ஜிஎஸ்டியே கிடையாது! வியாபாரிகள் ஜூலை 25 அன்று கடையடைப்பு அறிவித்தார்கள். முதல்வர் சித்தராமையா 23ஆம் தேதி அவர்களை அழைத்துப் பேசி, பதிவு செய்துகொள்பவர்களிடம் பழைய பாக்கியை வசூலிக்க மாட்டோம் என்றார். அதன் பிறகே போராட்டம் கைவிடப்பட்டது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். வரியுள்ள பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சத்தையும், வரியுள்ள சேவை தருபவருக்கு 20 லட்சத்தையும் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். ரொக்கமாக வாங்கினாலும் அந்தக் கணக்கில் சேரும். வரியை ஏமாற்ற ரொக்கம் கேட்பது தப்பு. நான் பேசுவது வேறு விஷயம்.

ஸ்கேன் செய்யும்போது உங்கள் வங்கி, கடைக்காரரின் வங்கி, ஆப் கம்பெனி, நடுவில் யூபிஐயை நடத்தும் என்பிசிஐ என எல்லோரும் சரியாக இயங்கினால்தான் தக்காளி உங்கள் பைக்கு வரும். 2025 ஏப்ரல் 12, சனிக்கிழமை, நாடு முழுக்க யூபிஐ தடுமாறியது. பர்ஸில் நூறு ரூபாய் இருந்தவருக்கு அன்று கவலை இல்லை. கேரளத்தில் 2023இல், யாரோ செய்த மோசடியில் சில நூறு ரூபாய் தங்கள் கணக்குக்கு வந்துவிட்டதற்காகச் சிறு வியாபாரிகளின் கணக்கே முடக்கப்பட்டது. நோட்டு கைமாறினால் அங்கேயே கணக்கு தீர்ந்தது. நடுவில் யாருடைய தயவும் தேவையில்லை.

தன் காசு தன் கைக்கு வர வேண்டும் என்ற தவிப்பு ஹெப்பகோடிக்குப் புதிதல்ல. 2016 பிப்ரவரியில், பிஎஃப்பில் முதலாளி செலுத்திய பங்கை 58 வயது வரை எடுக்க முடியாது என்று மத்திய அரசு விதி போட்டது. அதை எதிர்த்து ஏப்ரல் 18, 19 தேதிகளில் கார்மென்ட்ஸ் பெண்கள் ஆயிரமாயிரமாக இறங்கி ஓசூர் ரோட்டை மறித்தார்கள். ஹெப்பகோடி போலீஸ் ஸ்டேஷனில் வண்டிகள் எரிந்தன. தீவைப்பை யாரும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் மகள் கல்யாணத்துக்கும் வைத்தியத்துக்கும் நம்பியிருந்த காசு அது. 19ஆம் தேதியே அரசு விதியைத் திரும்பப் பெற்றது.

ஸ்வீடன் ரொக்கத்தை ஏறக்குறைய மறந்த நாடு. 2024இல் வீடு வீடாக அனுப்பிய நெருக்கடிக்காலக் கையேட்டில், கையில் கொஞ்சம் ரொக்கம் வைத்திருங்கள் என்று அந்த நாட்டு அரசே மக்களைக் கேட்டுக்கொண்டது. புழக்கம் குறைந்தால் ஏடிஎம் மூடும், சில்லறை மறையும். பிறகு தேவைப்படும்போது தேடினாலும் கிடைக்காது.

போனை எறியச் சொல்லவில்லை. வாரம் ஐந்நூறு ரூபாயைப் பத்தும் இருபதுமாக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். நாளைக் காலை கீரைக்காரம்மாவிடம் நோட்டாகக் கொடுங்கள்.