மோட்டார் சைக்கிள் கிளட்சுக் கோளாறும் பரிகாரமும்

பால் கேன்களைச் சங்கத்திற்குக் கொண்டு செல்லவும், காய்கறி மூட்டைகளைச் சந்தைக்குச் சேர்க்கவும் நம் கிராமங்களில் இன்று மோட்டார் சைக்கிள் பெரிதும் பயன்படுகிறது. வண்டி நின்றால் அன்றைய வருவாயும் தடைப்படும். வண்டிக்கு நேரும் பழுதுகளில் திரும்பத் திரும்பத் தொல்லை தருவது கிளட்சுக் கோளாறாகும். புதிய பிளேட்டுகளைப் போட்ட சில மாதங்களில் அதே கோளாறு மீண்டும் தலைகாட்டுவதுண்டு. பிளேட் தேய்வது விளைவு. அதைத் தேயச் செய்த காரணம் பெரும்பாலும் வேறிடத்தில் இருக்கும். அதைக் களையாமல் பிளேட்டை மட்டும் மாற்றுவது, உடைப்பை அடைக்காமல் வாய்க்காலில் நீர் பாய்ச்சுவதை ஒக்கும்.

கிளட்சின் வேலை

என்ஜினின் சுழற்சியைக் கியருடன் இணைப்பதும், வேண்டும்போது பிரிப்பதும் கிளட்சின் வேலை. உராய்வுப் பிளேட்டுகளும் எஃகுத் தகடுகளும் ஒன்றுவிட்டு ஒன்றாக அடுக்கப்பட்டு, ஸ்பிரிங்குகளால் இறுக்கப்பட்டுள்ளன. கைப்பிடி லீவரை இழுத்தால் கேபிள் வழியாக இவ்விறுக்கம் தளர்கிறது. பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் இவ்வடுக்கு என்ஜின் ஆயிலில் நனைந்தே இயங்குகிறது.

கோளாறு இரு வகைப்படும். ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் என்ஜின் இரைகிறது, வண்டியோ விரையவில்லை. இது வழுக்கல். லீவரை முழுவதும் இழுத்த பின்னும் வண்டி முன்னே நகர்கிறது. நியூட்ரல் எளிதில் விழுவதில்லை. இது முழுமையாகப் பிரியாமை. எவ்வகை என்று முதலில் தெளிந்துகொள்ள வேண்டும்.

பரிசோதிக்கும் முறை

செலவில்லாதவற்றை முதலில் பார்ப்பது நலம்.

1. லீவரின் பிளே: பெரும்பாலான சிறு வண்டிகளில் லீவரின் நுனி 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை தடையின்றி அசைய வேண்டும். உரிய அளவு வண்டியின் கையேட்டில் இருக்கும். பிளே குறைந்தால் ஸ்பிரிங் முழுவதும் இறுக்காது. பிளேட் வழுக்கிக் கருகும். மிகுந்தால் பிளேட் பிரியாது.

2. கேபிள்: இழைகள் அறுந்தோ, உறையில் துரு ஏறியோ இருந்தால் லீவர் தடையின்றித் திரும்பாது. ஹேண்டில்பாரை இருபுறமும் திருப்பும்போது பிளே மாறினால், கேபிள் செல்லும் வழி சரியில்லை என்று அறியலாம்.

3. ஆயில்: கார்களுக்கான சில ஆயில்களில் உராய்வைக் குறைக்கும் பொருள் கலந்திருப்பதால் அவை கிளட்சை வழுக்கச் செய்யும். டப்பாவின் மேல் ‘ஜாசோ எம்ஏ’ என்ற குறியீடு உள்ளதா என்று பார்த்து, கையேடு கூறும் ஆயிலையே வாங்க வேண்டும்.

4. பின்பிரேக்: பிரேக் பிடித்துக்கொண்டிருந்தாலும் வண்டி இழுக்காது. நியூட்ரலில் வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, பின்சக்கரம் தடையின்றிச் சுழல்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இவை யாவும் சரியாக இருந்தும் கோளாறு நீடித்தால் கிளட்சைப் பிரிக்க வேண்டும். அப்போது பிளேட்டை மட்டும் மாற்றி மூடிவிடலாகாது. ஸ்பிரிங்குகளின் நீளத்தை அளக்க வேண்டும். எஃகுத் தகடுகள் நெளிந்துள்ளனவா என்று சமமான கண்ணாடியின் மேல் வைத்துப் பார்க்க வேண்டும். பிளேட்டின் காதுகள் பொருந்தும் கிளட்சுக் கூடையின் பள்ளங்களில் வெட்டு விழுந்திருந்தால், புதிய பிளேட்டும் அதில் சிக்கும். பலமுறை திரும்பி வரும் கோளாற்றுக்கு இதுவும் ஒரு காரணம். புதிய உராய்வுப் பிளேட்டுகளை ஆயிலில் ஊறவைத்தே பொருத்த வேண்டும்.

ஓட்டுவோர் கடமை

லீவரின் மேல் விரலை ஊன்றியபடி ஓட்டுவதும், மேட்டில் பாரத்துடன் அரைக் கிளட்சில் நிற்பதும் பிளேட்டைத் தின்றுவிடும். பாரம் ஏற்றிய வண்டியை முதல் கியரிலேயே கிளப்ப வேண்டும்.

பஞ்சாயத்து உறுப்பினர்கள், அருகிலுள்ள தொழிற்பயிற்சி நிலையத்தாரை அணுகி, ஊரில் ஒருநாள் செய்முறை விளக்கத்திற்கு ஏற்பாடு செய்யலாம். கழிவு ஆயிலை வாய்க்காலிலோ கிணற்றோரத்திலோ கொட்டாமல், சேர்த்து வைத்து முறையாக ஒப்படைக்கவும் வழி செய்தல் வேண்டும். காரணத்தை அறிந்து பழுது நீக்கினால் பணமும் மிஞ்சும். வேலையும் தடையின்றி நடைபெறும்.