திண்ணைக் கதைஞரின் வழக்கு

வானொலியில் கதை சொல்பவனுக்குக் குரலே சொத்து. அதைப் பறித்தால் அவன் என்ன செய்வான்? என் மாணவர்களுக்கு நான் காட்டும் உதாரணம் ஜோன் ஹென்றி ஃபோக். 1913இல் அமெரிக்காவின் டெக்சாஸில் பிறந்து, ஊர்ப் பேச்சிலேயே கதை சொன்னவர். 1946இல் தொடங்கிய அவரது நிகழ்ச்சியின் பெயர் ‘ஜோனியின் முன்திண்ணை’.

அக்காலத்தில் ‘அவேர்’ என்ற அமைப்பு, கலைஞர்களைக் கம்யூனிஸ்ட் சார்பினர் எனக் குற்றஞ்சாட்டி வந்தது. விளம்பரதாரர் அஞ்சினர், பலர் வேலையிழந்தனர். 1955இல் தொழிற்சங்கத் தேர்தலில் இதை எதிர்த்து வென்ற ஃபோக்கும் இலக்கானார். 1956இல் அவர் வழக்குத் தொடுத்தார். மறு ஆண்டே வானொலி வேலை பறிபோனது.

1962இல் ஜூரிகள் 35 இலட்சம் டொலர் நட்டஈடு வழங்கினர். மேன்முறையீட்டில் அது பெரிதும் குறைந்தது. கறுப்புப் பட்டியலின் பலம் இரகசியம். நீதிமன்றத்தில் அது அம்பலமானது. ஆயினும் மௌனத்தில் கழிந்த ஆண்டுகளுக்கு எந்தத் தீர்ப்பு ஈடாகும்?