நிலம் தள்ளினால்தான் நடக்கலாம்: செயற்கைக் காலின் பௌதிகம்

மிதிவெடியிலும் எறிகணையிலும் கால் இழந்தவர்களோடு வன்னியில் பேசும்போது அடிக்கடி கேட்ட வார்த்தை இது: "காலிலை பலம் காணாது." பல வருடங்களாகச் செயற்கைக் கால் போட்டு நடப்பவர்களும் அதையே சொல்கிறார்கள். சாதாரண தரத்தோடு விஞ்ஞானப் புத்தகத்தை மூடிவைத்த நான், இதற்காகத்தான் அதைத் திரும்பவும் திறந்தேன்.

ஒவ்வொரு தாக்கத்துக்கும் சமனும் எதிருமான மறுதாக்கம் உண்டு. நியூட்டன் 1687இல் வெளியிட்ட மூன்றாம் விதி. பரீட்சையில் இதற்கு உதாரணமாகத் துவக்கு பின்னுக்கு உதைப்பதை எழுதினோம். நடப்பதை எழுதியவர்கள் குறைவு. நாங்கள் காலால் நிலத்தைப் பின்னோக்கித் தள்ளுகிறோம்; நிலம் எங்களை முன்னோக்கித் தள்ளுகிறது. உராய்வு இல்லாவிட்டால் இந்தத் தள்ளல் இல்லை. பாசி பிடித்த கிணற்றடியில் வழுக்குவது அதனால்தான். கடற்கரை மணலில் களைப்பதற்குக் காரணம் வேறு. காலடியில் மணல் நகர்ந்துவிடுவதால், செலவிடும் சக்தியில் ஒரு பங்கு மணலை நகர்த்துவதிலேயே போய்விடுகிறது.

சொந்தக் காலில், அடியெடுத்து வைக்கும் கடைசிக் கணத்தில் கெண்டைக்காற் தசை சுருங்கி நிலத்தை உந்தும். செயற்கைப் பாதத்தில் அந்தத் தசை இல்லை. 1968இல் இந்தியாவின் ஜெய்ப்பூரில் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் மருத்துவர் சேத்தியும் உருவாக்கிய பாதம் இறப்பரும் மரமும் சேர்ந்தது. அது பல பக்கமும் வளைந்து கொடுக்கும். வெறுங்காலோடு வயலில் இறங்கலாம், குந்தியிருக்கலாம். ஆனால் வளைந்த இறப்பர் நிமிரும்போது திருப்பித் தரும் உந்தல் கொஞ்சம்தான். மிச்சத்தை இடுப்பும் மற்றக் காலும் கொடுக்க வேண்டும். முழங்காலுக்கு மேலே காலை இழந்தவருக்கு இந்தச் செலவு இன்னும் கூட. ஆகவே களைப்பு மனப்பலவீனம் அல்ல.

வலியின் கணக்கு வேறு. 60 கிலோ எடையுள்ள ஒருவரை நிலம் ஏறத்தாழ 600 நியூட்டன் விசையால் தாங்குகிறது. நடக்கும்போது ஒற்றைக் காலில் அது இன்னும் சற்றுக் கூடும். அந்த 600 நியூட்டன் 100 சதுர சென்ரிமீற்றரில் பரவினால், ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 6 நியூட்டன். எஞ்சிய கால் நுழையும் உறை சரியாகப் பொருந்தாமல் 10 சதுர சென்ரிமீற்றரில் மட்டும் தாங்கினால் 60. அதே ஆள், அதே எடை, பத்து மடங்கு அமுக்கம். தோல் சிவக்கிறது, பிறகு புண்ணாகிறது. "போகப் போகப் பழகிவிடும்" என்று சொல்பவர்கள் மீது எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். பரப்புக் குறைந்தால் அமுக்கம் கூடும். பழக்கத்தால் அது மாறாது.

கைத்தடியைப் பலர் செயற்கைக் கால் உள்ள பக்கமே பிடிக்கிறார்கள். பொதுவாக மற்றக் கையில் பிடிப்பதே நல்லது. கதவைப் பிணைச்சலுக்குக் கிட்டத் தள்ளிப் பாருங்கள், அசையாது. ஓரத்தில் தள்ளினால் ஒரு விரல் போதும். வலது காலில் நிற்கும்போது உடல் இடப்பக்கம் சரியப் பார்க்கும். அதைப் பிடித்து நிறுத்தும் இடுப்புத் தசை மூட்டுக்கு மிக அருகில் இருப்பதால் பெரிய விசை கொடுக்க வேண்டியிருக்கிறது. இடது கையிலுள்ள தடி மூட்டிலிருந்து தூரத்தில் ஊன்றுகிறது; சிறிய விசையிலேயே அந்தச் சுமையில் பெரும் பங்கைக் குறைத்துவிடும்.

எஞ்சிய கால் ஒரே அளவில் இருப்பதில்லை. மாதக்கணக்கில் மெலியும், ஒரே நாளுக்குள்ளும் கொஞ்சம் மாறும். உறை தளர்ந்தால் கால் உள்ளே இறங்கி, எலும்பு முனையில் சுமை விழும். மேலதிகமாக ஒரு காலுறை போட்டால் இடைவெளி நிரம்பும். பல காலுறைகள் போட்டும் ஆடினால், உறையை மாற்றித் தரும்படி செயற்கைக் கால் செய்பவரிடம் கேளுங்கள். எந்த இடம் சிவக்கிறது என்பதைக் காட்டிக் கேளுங்கள்.