மலையைக் கடக்கும் கோப்புகள்

பெரியாறு மேற்கு நோக்கிப் பாயும் ஆறு. அதன் நீரைக் கிழக்கே திருப்பும் பொருட்டு எழுந்த முல்லைப்பெரியாறு அணை, 1895ஆம் ஆண்டு பயன்பாட்டிற்கு வந்தது. மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே வரும் நீர் கம்பம் பள்ளத்தாக்கின் வயல்களை விளைவிக்கிறது. தடையைக் கடக்க வழி அமைந்தால், ஓரிடத்து வளம் மற்றோரிடத்திற்கும் பயன்படும். கணினிகளுக்கும் இது பொருந்தும்.

பகிர்வின் தேவை

தமிழக அரசு 2011ஆம் ஆண்டு முதல் மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகள் பலவற்றில், விண்டோஸுடன் பாஸ் லினக்ஸ் என்னும் இயங்குதளமும் இடம்பெற்றது. மைய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய கட்டற்ற மென்பொருள் அது.

தேனி மாவட்டப் பள்ளி ஒன்றின் ஆய்வகத்தில், விண்டோஸ் கணினியில் பாடக்கோப்புகள் உள்ளன எனக் கொள்வோம். அவற்றை லினக்ஸ் கணினியில் பெறுவது எவ்வாறு? பென்டிரைவில் படியெடுக்கலாம். ஆயின், பத்து மாணவர் பத்துப் படிகள் எடுத்துத் தனித்தனியே திருத்தினால், இறுதியான கோப்பு எது என்பது விளங்காது. கோப்பு ஓரிடத்தில் இருக்க, அனைவரும் அதனை அணுகுவதே முறை. நீர் எடுக்க எடுக்கக் குறையும். கோப்போ எத்தனை பேர் படித்தாலும் குறையாது.

மொழியைக் கற்ற மென்பொருள்

கணினிகள் தமக்குள் உரையாடப் பின்பற்றும் விதிகளின் தொகுப்பு, நெறிமுறை எனப்படும். கோப்புப் பகிர்வுக்கு விண்டோஸ் பயன்படுத்துவது எஸ்.எம்.பி. என்னும் நெறிமுறை. 1980களில் ஐ.பி.எம். நிறுவனத்தில் தோன்றிய அதனை மைக்ரோசாஃப்ட் விரிவாக்கியது. ஆனால், அதன் முழு விளக்கத்தையும் பிறர் அறிய வெளியிடவில்லை.

ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழக ஆய்வு மாணவரான ஆண்ட்ரூ டிரிட்ஜெல், 1991ஆம் ஆண்டின் இறுதியில் வேறொரு வழியை நாடினார். வலையமைப்பில் கணினிகள் அனுப்பும் தரவுப் பொதிகளைக் கூர்ந்து நோக்கி, எந்த வினாவிற்கு எந்த விடை வருகிறது என அறிந்தார். ஊர்ப்பேச்சைக் கேட்டே மொழி கற்பதைப் போன்றது இது. அம்முயற்சியே சாம்பா என்னும் கட்டற்ற மென்பொருளாக வளர்ந்தது. எஸ், எம், பி ஆகிய எழுத்துகள் அமைந்த சொல்லை அகராதியில் தேடி இப்பெயர் இடப்பட்டது.

பின்னர், ஐரோப்பிய ஆணையம் 2004இல் பிறப்பித்த ஆணையை நீதிமன்றம் 2007இல் உறுதிசெய்தது. அதன் பயனாக, அவ்வாண்டு டிசம்பரில் சாம்பா குழுவினர் நெறிமுறை ஆவணங்களைப் பெற வழி பிறந்தது.

அணுகும் முறை

இரு கணினிகளும் ஒரே வலையமைப்பில் இணைந்திருத்தல் வேண்டும். விண்டோஸ் கணினியின் பொறுப்பாளர் கோப்புறையைப் பகிர்ந்து, யார் படிக்கலாம், யார் திருத்தலாம் என வரையறுப்பார். வாய்க்காலில் மடை இருப்பதுபோல் பகிர்வில் அனுமதி உண்டு.

லினக்ஸ் கணினியின் கோப்பு மேலாளரில், முகவரி இடத்தில் எஸ்.எம்.பி. என்பதன் மூன்று ஆங்கில எழுத்துகளைப் புள்ளியின்றி இட்டு, முக்காற்புள்ளி, இரு சாய்கோடுகள், கணினியின் பெயர், ஒரு சாய்கோடு, கோப்புறையின் பெயர் என வரிசையாக எழுத வேண்டும். பயனர்பெயரும் கடவுச்சொல்லும் சரியாயின் கோப்புறை திறக்கும்.

நாள்தோறும் தேவைப்படுமாயின், அதனை லினக்ஸின் வெற்றுக் கோப்புறை ஒன்றில் பொருத்தி வைக்கலாம். இதனை மவுண்ட் செய்தல் என்பர். அதன்பின் தொலைவிலுள்ள கோப்புறை, அக்கணினியின் கோப்புறை போலவே இயங்கும். பணி முடிந்ததும் பொருத்தலை நீக்குதல் நன்று.

காத்தல்

திறந்த வழியைக் காத்தலும் கடமை. 2017ஆம் ஆண்டு மே மாதம் உலகெங்கும் பரவிய வான்னாக்ரை தீநிரல், எஸ்.எம்.பி.யின் முதற்பதிப்பில் இருந்த குறையைப் பயன்படுத்தியது. எனவே பழைய பதிப்பை முடக்கிப் புதியதைப் பயன்படுத்துவதும், தேவையானோர்க்கு மட்டும் அனுமதி அளிப்பதும் இன்றியமையாதவை.

ஒருவர் எழுதிய கோப்பு, அவர் வாங்கிய கணினியின் வகைக்குள் சிறைப்படலாகாது. நெறிமுறை பொதுவாக இருப்பின், கருவியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பயனரிடமே நிற்கும்.