மின்கம்பிப் பணியாளர்

1932 ஆம் ஆண்டில் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியபின், கோவை வட்டாரத்தில் ஆலைகள் பெருகின. இன்று கருமத்தம்பட்டியின் விசைத்தறிகளுக்கும் மின்சாரமே உயிர். ஊர்க்கம்பி பழுதுற்றால், பணியாளர் மின்னோட்டத்தை நிறுத்திய பின்னரே அதனைத் தொடுதல் வேண்டும். பல ஊர்களுக்கு மின்சாரம் சுமக்கும் உயர் அழுத்தக் கம்பியையோ எளிதில் நிறுத்த இயலாது. ஆதலின், மின்சாரம் ஓடும்பொழுதே ஹெலிகாப்டரில் சென்று பழுதுபார்க்கும் முறை 1979 இல் அமெரிக்காவில் தோன்றியது.

பணியாளர் உலோக இழை விரவிய உடை பூண்டு, ஹெலிகாப்டரின் பக்கத்து மேடையில் அமர்வார். உலோகக் கோலால் கம்பியைத் தொடுவார், பொறி சீறும். உடனே ஹெலிகாப்டரைக் கம்பியோடு கவ்வியால் இணைப்பார். அனைத்தும் ஒரே மின்னழுத்தம் அடைவதால், ஒற்றைக் கம்பியில் அமர்ந்த காக்கைபோல் அவரும் தீங்கின்றி இருப்பார். அந்நிலையில் கோபுரத்தையோ மற்றொரு கம்பியையோ அளவு மீறி நெருங்கினால் உயிர் நீங்கும். இந்நுட்பம் அறிந்து, விதி வழுவாது உழைப்பதே அவருக்குக் காப்பு. கருமத்தம்பட்டியில் கம்பம் ஏறுவோர்க்கும் அஃதே காப்பாகும்.