இடுப்பில் இருக்கிறது அடி
(தொடர் – 9)

போன வாரம் மட்டையைப் பிடிக்கும் விதத்தைப் பார்த்தோம். பிடி சரியாக இருந்தும் பந்து போகவில்லை என்றால், கோளாறு பெரும்பாலும் நிற்கும் நிலையில்தான் இருக்கும்.

குனியச் சொன்னால் நம்மில் பலர் முதுகை வளைக்கிறோம். கோல்ஃபில் மடங்க வேண்டியது, தொடை எலும்பு இடுப்புக் குழியில் பொருந்தும் மூட்டு. நீளமான கம்பு ஒன்றை முதுகோடு சேர்த்துப் பிடியுங்கள். பின்மண்டை, மேல்முதுகு, வால் எலும்பு மூன்றிலும் அது ஒட்டியிருக்கும்படி, பிட்டத்தைப் பின்னுக்குத் தள்ளிக் குனியுங்கள். எங்காவது கம்பு விலகினால் முதுகு வளைந்துவிட்டது. முழங்கால் லேசாகத் தளர்ந்தால் போதும்.

அடுத்து, திரும்புவது. மட்டையை ஓங்கும்போது தோள் 90 டிகிரி, இடுப்பு 45 டிகிரி திரும்ப வேண்டும் என்பது பழைய பாடம். 1992ல் ஜிம் மெக்லீன் என்ற அமெரிக்கப் பயிற்சியாளர், இந்த இரண்டுக்கும் இடையே வித்தியாசம் கூடக்கூடப் பந்து தூரம் போகும் என்று எழுதினார். அதைப் பிடித்துக்கொண்டு, இடுப்பைப் பூட்டிவைத்துத் தோளை மட்டும் முறுக்க ஒரு கூட்டமே கிளம்பியது. இருபது வயது உடம்பு தாங்கலாம். நாளெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நாற்பது வயதுக்காரருக்கு இது வேண்டாத வேலை. கீழ்முதுகின் ஐந்து எலும்புகளும் சேர்ந்தே ஒரு பக்கத்துக்குச் சுமார் 10 டிகிரிதான் திரும்பும். மிச்சத்தை இடுப்பு மூட்டும் மேல்முதுகும் கொடுக்க வேண்டும். அவை கொடுக்காவிட்டால் கீழ்முதுகு வலிக்கும். ஜாக் நிக்லஸ் மட்டையை ஓங்கும்போது இடது குதிகாலைத் தூக்கி இடுப்பைத் தாராளமாகத் திரும்பவிட்டார்; 18 மேஜர் பட்டங்கள் வென்றார். நாமும் குதிகாலைத் தூக்கலாம், தப்பில்லை.

இறங்கும்போது இடுப்புதான் முதலில் திரும்ப வேண்டும், கை பின்னால் வரட்டும். பென் ஹோகன் 1957லேயே தன் புத்தகத்தில் இதை அடித்துச் சொன்னார். நம்மவர்கள் கையை அவசரப்படுத்துகிறார்கள். அப்போது இடுப்பு பந்தை நோக்கி முன்னே வந்து, நெஞ்சு நிமிர்ந்து, மட்டை பந்தின் தலையைத் தட்டிவிட்டுப் போகிறது.

இதெல்லாம் சமதளத்துக்கு. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போகிறவர்களுக்கு அடிவாரம் தாண்டியதும் 20 கொண்டை ஊசி வளைவுகள் காத்திருக்கும். அங்கே சாலையோரச் சரிவில் ஒரு நிமிடம் நின்று பாருங்கள், உடம்பு தானாகவே தன் சாய்வை மாற்றிக்கொள்ளும். 1895ல் தொடங்கிய கொடைக்கானல் கோல்ஃப் கிளப் மாதிரி மலை மைதானங்களில் ஆட்டமே இந்தச் சாய்வோடுதான். வலக்கைக்காரருக்குப் பந்து பாதத்தைவிட மேட்டில் இருந்தால், இடுப்பில் மடங்குவதைக் குறைத்து, மட்டையைச் சற்று இறக்கிப் பிடித்து, குறியை வலப்பக்கம் வைக்க வேண்டும். பந்து இடப்பக்கம் வளையும். பள்ளத்தில் இருந்தால் கூடுதலாக மடங்கி, அடித்து முடியும்வரை அந்த மடிப்பைக் காக்க வேண்டும். இரண்டாவதுதான் கஷ்டம். ஏற்றத்தைப் பார்த்து அடிக்கும்போது தோள்களைச் சரிவுக்கு இணையாகச் சாய்த்துக்கொள்ளுங்கள்.

கேடிகளாகத் தொடங்கியவர்கள் இந்தியன் ஓப்பனை வென்றிருக்கிறார்கள்: 1991ல் டெல்லியின் அலி ஷேர், 2009ல் பெங்களூரின் சி. முனியப்பா. மட்டைப் பையைச் சுமந்து மேட்டிலும் பள்ளத்திலும் நடந்த கால்கள் அவை.

வீட்டில் செய்ய ஒரு பயிற்சி. சுவருக்கு முதுகு காட்டி, கம்புப் பயிற்சியில் குனிந்த மாதிரியே குனிந்து, பிட்டம் சுவரைத் தொட நில்லுங்கள். கைகளை நெஞ்சில் கட்டிக்கொள்ளுங்கள். ஓங்கும் திசையில் திரும்பும்போது வலது பிட்டமும், அடிக்கும் திசையில் திரும்பும்போது இடது பிட்டமும் சுவரில் அழுந்த வேண்டும். சுவரை விட்டு விலகினால், மைதானத்திலும் அதே தப்புதான் நடக்கிறது. வேகம் வேண்டாம். டிஸ்க் கோளாறோ இடுப்பு மூட்டு வலியோ உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் செய்ய வேண்டாம்.

அடுத்த வாரம் மணிக்கட்டு. அதற்குள் சுவரோடு பழகிவிடுங்கள்.